டெஸ்பாட்ச் பெயரில் வந்த பட்டியல்

எனக்குச் சந்தேக புத்தி. இதைச் சொல்ல வெட்கமில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, "இவளைப் போலீஸ்ல சேத்திருக்கணும்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் புத்தி ஒரு தடவை ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று அவரிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். 'கம்ப்யூட்டர் செக்‌ஷன்' என்று வாசலில் போர்டு தொங்கும்; உள்ளே நான் ஒருத்திதான். யூனிக்ஸ் ஓடும் பெரிய பெட்டி என் அறையில் இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து ஆபீஸில் எட்டு இடத்தில் டெர்மினல் வைத்திருந்தோம். டெர்மினல் என்றால் ஒரு திரையும் கீபோர்டும் மட்டும். சொந்தமாக மூளை கிடையாது, எல்லாம் என் அறைப் பெட்டிதான்.

பிரிண்டர் மட்டும் அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் இருந்தது. மற்றவர்கள் யாருக்காவது ஒரு கடிதம் அச்செடுக்க வேண்டுமென்றால் அவர் வாசலில் போய் நின்று இளிக்க வேண்டும். இது ஜி.எம். காதுக்குப் போய், எல்லோரும் அவரவர் நாற்காலியில் இருந்தே அச்செடுக்க வழி செய்யுங்கள் என்று எனக்கு உத்தரவு வந்தது. பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்து முடித்தேன். பிரிண்டரைக் கண்ணாடி அறையிலிருந்து தூக்கி, நடையில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் மேஜை போட்டு வைத்தேன். எட்டுப் பேரில் யார் அனுப்பினாலும் அது வரிசையில் நிற்கும். முன்னால் வந்தது முன்னால் அச்சாகும். அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு வயிறு எரிந்தது. "வீட்டுக் குழாயைத் தெருக்குழாய் ஆக்கிட்டீங்க மேடம்" என்றார்.

தெருக்குழாய் என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. வந்த முதல் வாரமே சண்டை ஆரம்பித்துவிட்டது. என் காகிதத்தை யார் பார்த்தார்கள், என் காகிதத்துக்கு முன்னால் அவர் காகிதம் எப்படி வந்தது, நடுவில் ஒரு பக்கத்தைக் காணோமே, இதே பேச்சு. கட்டளையைத் தட்டிவிட்டு எழுந்து ஓடிப் பிரிண்டரை உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் வேண்டுமென்றே மெதுவாகக் குடிப்பார்கள். நான் என் அறையில் உட்கார்ந்தபடியே எல்லோருடைய கடிதத்தையும் படிக்கிறேன் என்று ஒரு பேச்சு உலவியது. படிக்க முடியும்தான். அதற்கு எனக்கு ஏது நேரம்?

இந்தத் தகராறுகளுக்காகவே ஒவ்வொரு அச்சுக்கும் முன்னால் ஒரு பெயர்த்தாள் வரும்படி வைத்திருந்தேன். அனுப்பியவரின் லாகின் பெயர் அதில் உள்ளங்கை உயரத்துக்கு இருக்கும். கூடவே, யார் எத்தனை மணிக்கு அனுப்பினார் என்று பெட்டிக்குள் ஒரு பதிவும் ஏறும். யாராவது சத்தம் போட்டால் பெயர்த்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடிப்பேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்று அப்போது வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் ஆபீஸ்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கம்பெனியின் பெயர், விலாசம், ஓரத்தில் விடவேண்டிய இடம் எல்லாவற்றையும் சரியாக அமைத்து 'லெட்டர்' என்று ஒரு ஃபைல் செய்து கொடுத்திருந்தேன். அதைப் பிரதி எடுத்து அவரவர் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் டைப்ரைட்டரில் ஊறிய கைகள். அந்த ஒரே ஃபைலைத்தான் எல்லோரும் திறப்பார்கள். தலைப்பை விட்டுவிட்டுக் கீழே இருப்பதை அழித்து, தங்கள் கடிதத்தை அடித்து, பிரிண்டுக்கு அனுப்பிவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர் அதையே அழித்துத் தன் கடிதத்தை அடிப்பார். பள்ளிக்கூடத்துக் கரும்பலகை கணக்குதான்.

ஜி.எம்.மின் ஸ்டெனோ அம்மாள் சர்வீஸில் எல்லோருக்கும் மூத்தவர். அவருக்கு அந்தக் கரும்பலகைமேல் அபார நம்பிக்கை. நானும் அவரும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன். "ரகசியமான காகிதம்னா அதுலதான் அடிப்பேன். அச்சானதும் அழிச்சுடுவேன். தனியா பேர் போட்டுச் சேத்து வெச்சாத்தானே ஒருத்தன் தேடி வந்து திருடுவான்?" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

இதில் மாட்டிக்கொண்டவர் டெஸ்பாட்ச் கிளார்க். பம்புகளைப் பெட்டி கட்டி வெளியூருக்கு அனுப்புகிற வேலை அவருக்கு. கொள்ளேகால் பக்கத்துக்காரர், பேச்சைக் கேட்டால் கோயம்புத்தூர்க்காரர் என்றே நினைப்பீர்கள். ஆறு வருஷமாக டெம்பரரி. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகிவிடும் என்று பர்சனல் மேனேஜரே அவரிடம் வாயால் சொல்லியிருந்தார். மனைவியும் மூன்று வயது மகளும் ஹனூரில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். ஆர்டர் கைக்கு வந்ததும் அவர்களைக் கூட்டிவருவதற்கு மேட்டகள்ளியில் இரண்டு அறை வீடு ஒன்றும் பார்த்து வைத்திருந்தார். அந்த ஆபீஸில் என்னிடம் தமிழ் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். "அக்கா, இங்க தட்டுனா அது எப்படீங்க்கா அங்க வந்து நிக்குது?" என்று அடிக்கடி வந்து கேட்பார். நானும் சொல்லிக் கொடுப்பேன்.

அன்று வியாழக்கிழமை. காலை பத்தே முக்கால் இருக்கும், பிரிண்டரின் ரிப்பன் நைந்து சிக்கிக்கொண்டது. கையிருப்பில் வேறு ரிப்பன் இல்லை. பிரிண்டரை நிறுத்திவைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அப்படிச் செய்தால் யார் எதை அனுப்பினாலும் வரிசையில் காத்திருக்கும், தொலைந்து போகாது. பிறகு டவுனுக்குப் பஸ் ஏறி, கடை கடையாக அலைந்து ரிப்பன் வாங்கிக்கொண்டு ஒன்றேகாலுக்குத் திரும்பினேன். ஆபீஸ் முழுக்கச் சாப்பாட்டுக்குப் போயிருந்தது. ரிப்பனை மாட்டிப் பிரிண்டரை ஓடவிட்டேன். வரிசையில் ஒரே ஒரு வேலைதான் காத்திருந்தது. பெயர்த்தாள் வந்தது: டெஸ்பாட்ச். பின்னால் ஒரு பக்கம். கிழித்து, இரண்டையும் டெஸ்பாட்ச் மேஜைத் தட்டில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். மற்ற நாளாக இருந்தால் ஒரு கண் பார்த்திருப்பேன், மறைப்பானேன். அன்று இரண்டு கையிலும் ரிப்பன் மை, வயிற்றில் பசி, பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு முதல் ஷிஃப்ட் விட்டபோது சைக்கிள் ஸ்டாண்டில் சத்தம் கேட்டது. மாத முடிவில் வேலையை விட்டு நிறுத்தப்போகும் பதினொரு டெம்பரரி ஆட்களின் பட்டியல், கம்பெனித் தலைப்போடு, தூணில் ஒட்டியிருந்தது. ஜி.எம்.முக்கும் ஸ்டெனோ அம்மாளுக்கும் தவிர யாருக்கும் தெரியக்கூடாத பட்டியல் அது. அரை மணி நேரத்தில் யூனியன்காரர்கள் ஜி.எம். அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பர்சனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேஜையில் அந்தப் பெயர்த்தாள் கிடந்தது. டெஸ்பாட்ச் தட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். பட்டியலை மட்டும் யாரோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.

"இதை யார் அச்செடுத்ததுன்னு கம்ப்யூட்டர் சொல்லுமா?"

"சொல்லும் சார்" என்றேன். சும்மா சொல்லவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். பத்து நாள் மண்டையை உடைத்துச் செய்ததற்கு அன்றுதான் ஒருவர் மரியாதையாகக் கேட்கிறார். பதிவை எடுத்துக் கொண்டுவந்து காட்டினேன். பிரிண்டர் நின்றிருந்த நேரத்தில் வந்தது ஒரே வேலை. டெஸ்பாட்ச் லாகினிலிருந்து, பதினொன்று பதினான்குக்கு. கீழே கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன்.

டெஸ்பாட்ச் கிளார்க்கைக் கூட்டிவந்தார்கள். அப்போதுதான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலிருந்து வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் தூசி. விஷயத்தைக் கேட்டதும் என்னைத்தான் பார்த்தார்.

"நானில்லீங்க்கா. நான் அனுப்பிச்சது லாரிக்காரருக்குப் போற லெட்டருங். வாரா வாரம் அனுப்புறதுதானுங். பிரிண்டர் நிக்குதுன்னாங்க, செரி வர்றப்ப வரட்டும்னு கூட்ஸ் ஷெட்டுக்குப் போய்ட்டேனுங். லிஸ்ட்டு கிஸ்ட்டு ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்."

"அப்ப அந்த லாரி லெட்டர் எங்கே?" என்று நான் கேட்டேன். கேட்டது நான்தான், பர்சனல் மேனேஜர் இல்லை. "நீங்க அனுப்பினது ஒண்ணுதான் பதிவாகியிருக்கு. அந்த ஒண்ணு லிஸ்ட்டா வெளியே வந்திருக்கு. லாரி லெட்டரும் அனுப்பியிருந்தா ரெண்டு இருக்கணுமே?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். பதில் இல்லாதவன் பொய்யன் என்று என் மனம் உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. அப்புறம் என்ன, எல்லாம் தானாகக் கோத்துக்கொண்டது. இங்கே தட்டினால் எப்படி அங்கே வருகிறது என்று எதற்காக இத்தனை தடவை கேட்டார்? போன வாரம் ஸ்டெனோ அம்மாள் மேஜைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாரே, என்ன வேலை? சரியாக அச்சு வெளியே வரும் நேரத்தில் ஆபீஸில் இல்லாமல் போனது தற்செயலா, இல்லை எடுத்துப் போக ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பியதா? எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. என்னிடமே கற்றுக்கொண்டு என் பிரிண்டரிலேயே திருடியிருக்கிறாரே என்று.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே அவருக்கு வேறு கச்சேரி காத்திருந்தது. தூணில் ஒட்டிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆறு வருஷ டெம்பரரி, பதினொரு பேர் போகிறார்கள், இவன் மட்டும் எப்படித் தப்பினான், ஆபீஸுக்கு உளவு சொல்கிறவன் இவன்தான் என்று தொழிலாளர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அவர் அதைத் தள்ளிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பாவமாக இருந்ததா என்றால், இல்லை. நன்றாக மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை தண்ணீர் டிரம் பக்கத்தில் ஸ்டெனோ அம்மாளைப் பார்த்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புலம்பினார். "அன்னிக்கு ஒழுங்கா சாப்பிடக்கூட இல்ல. ஜி.எம். பெங்களூர்லேர்ந்து வந்து இறங்கினதே பன்னெண்டு மணிக்கு. வந்ததும் வராததுமா என்னைக் கூப்பிட்டு அந்தப் பாழாப்போன லிஸ்ட்டைச் சொல்ல ஆரம்பிச்சார். அதுக்கு இத்தனை அமர்க்களம்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு."

பதிவில் இருந்தது பதினொன்று பதினான்கு. சொல்லவே படாத பட்டியலை ஒருவர் முக்கால் மணி நேரம் முன்னாலேயே எப்படி அச்சுக்கு அனுப்பியிருக்க முடியும்? உடனே ஸ்டெனோ அம்மாளைச் சந்தேகப்பட்டேன்; தன் தப்பை மறைக்க நேரத்தை மாற்றிச் சொல்கிறாரோ என்று. அதற்கப்புறம் பெட்டியின் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன். என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. சந்தேகப்பட வேறு ஆளே இல்லாமல் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினேன்.

எல்லோரும் சாப்பாட்டுக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிரிண்டரை நிறுத்தினேன். 'லெட்டர்' ஃபைலில் 'லாரி' என்று ஒரு வார்த்தை அடித்து அச்சுக்கு அனுப்பினேன். வரிசையில் நின்றது. அதே ஃபைலைத் திறந்து, லாரியை அழித்து, 'லிஸ்ட்' என்று அடித்துச் சேமித்தேன். இரண்டாவது தடவை அச்சுக்கு அனுப்பவில்லை. பிரிண்டரை ஓடவிட்டேன்.

என் பெயர்த்தாள் வந்தது. பின்னாலேயே கம்பெனித் தலைப்போடு ஒரு பக்கம். அதில் 'லிஸ்ட்' என்று இருந்தது.

அறைக்கு ஓடிப்போய் அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்தேன். அச்சுக்கு அனுப்பிய ஃபைலை யூனிக்ஸ் தானாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளாது. எந்த ஃபைல் என்று மட்டும் நினைவில் வைத்திருந்து, அச்சாகும் நேரத்தில் அதைத் திறக்கும். நடுவில் யாராவது அதை மாற்றியிருந்தால் மாற்றியதுதான் வரும். பிரதி எடுத்து வைக்கச் சொல்ல கட்டளையில் ஒரே ஓர் எழுத்து சேர்த்தால் போதும். டிஸ்கில் இடம் குறைவு, எதற்கு வீணாகப் பிரதி என்று அந்த எழுத்தை நான்தான் சேர்க்காமல் விட்டிருந்தேன். ஜாக்கிரதை என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது. அது நான் போட்ட கோடு.

அவர் சொன்னது அத்தனையும் சத்தியம். லாரிக் கடிதத்தைத்தான் அனுப்பியிருக்கிறார். அது வரிசையில் நின்றபோது ஸ்டெனோ அம்மாள் வழக்கம்போலக் கரும்பலகையை அழித்துப் பட்டியலை அடித்திருக்கிறார்; பிரிண்டர் ஓடினால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். நான் வந்து ரிப்பன் மாட்டி, ஜி.எம்.மின் ரகசியத்தை டெஸ்பாட்ச் பெயரில் அச்சடித்து, என் கையாலேயே அவர் தட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அப்புறம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஓர் எழுத்தைக் கட்டளையில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பயம். என் வேலையே போய்விடும் என்ற பயம். தன் தப்பைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிறவளை வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் போவதில்லை என்று மனம் கெஞ்சியது. செவ்வாய்க்கிழமை முழுக்க என் அறைக்குள்ளேயே இருந்தேன். மதியம் அவர் மேஜைக்கு வேறு ஒருவரை உட்கார வைத்தார்கள். புதிதாக வந்தவர் இழுப்பறையைத் திறந்து, உள்ளே இருந்த சாமான்களை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடியும் அதில் போனது. அதற்குமேல் உட்கார முடியவில்லை.

பர்சனல் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்குப் புரியவில்லை. வாருங்கள் காட்டுகிறேன் என்று பிரிண்டருக்கே கூட்டிப்போய், சேர்த்த எழுத்தை எடுத்துவிட்டு, அவர் கண்ணெதிரே செய்து காட்டினேன். லாரி என்று அனுப்பியது லிஸ்ட் என்று வந்தது. அவர் தாளை வாங்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"அதாவது, நீங்க நெனச்சா இதுல எதை வேணும்னாலும் யார் பேர்ல வேணும்னாலும் வரவைக்கலாம். அப்படித்தானே மேடம்?"

"அப்படி இல்ல சார்..."

"வியாழக்கிழமை கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னீங்க. கையெழுத்துப் போட்டீங்க. இன்னிக்குப் பொய் சொல்லும்கறீங்க." அப்புறம் அதுவரை பேசிய இங்கிலீஷை விட்டு, குரலைத் தணித்து, கன்னடத்தில் கேட்டார்: "நீவு இப்ரூ தமிளுரே அல்வா?"

நீங்கள் இரண்டு பேரும் தமிழர்கள்தானே என்கிறார். எனக்குக் காது ரெண்டும் பற்றிக்கொண்டது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், கனவுகூடக் கன்னடத்தில் காண்கிறவள் நான். ஐந்து நாள் முன்னால் அவரைக் காட்டிக்கொடுத்தபோது என் பாஷை யார் கண்ணிலும் படவில்லை. காப்பாற்ற வந்ததும் பட்டுவிட்டது. "நாக்கை அடக்கிப் பேசுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நான் சத்தம் போட்டது அவர் சந்தேகத்தை இன்னும் கெட்டிப்படுத்தியது.

போனால் போகிறது என்று ஸ்டெனோ அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார். லிஸ்ட்டை எப்போது அடித்தீர்கள், பொது ஃபைலிலா அடித்தீர்கள் என்று. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நேரமெல்லாம் ஞாபகமில்ல சார். ரகசியமான காகிதத்தைப் போய் நான் ஏன் பொது ஃபைல்ல அடிக்கப்போறேன்?"

அடிப்பாவி என்று மனசுக்குள் வைதேன். முழு மனசோடு வைய முடியவில்லை. முந்தின நாள் நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஜி.எம்.மிடம் போய் எத்தனை மணிக்கு லிஸ்ட் சொன்னீர்கள் என்று குறுக்கு விசாரணை செய்ய பர்சனல் மேனேஜருக்குத் தைரியம் கிடையாது. "இதோட விடுங்க மேடம். அவன் டெம்பரரிதானே" என்று முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்டகள்ளிக்குப் போனேன். சிநேகிதர் ஒருவரோடு தங்கியிருந்த அறையில் டெஸ்பாட்ச் கிளார்க் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஹனூருக்கே திரும்பிப் போவதாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையைப் பார்க்க எனக்குக் கூசியது. உட்காராமல், நின்றபடியே, ஒன்று விடாமல் சொன்னேன். என் தப்பு, என் தப்பு என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நான் சொன்னது நெசம்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சுங்களாக்கா?"

தலையை ஆட்டினேன். யாரும் நம்பவில்லை, ஸ்டெனோ அம்மாள் இப்படிச் சொல்லிவிட்டார், சாட்சி இல்லை என்றேன்.

"சாட்சி எதுக்குங்? கேட்டுல ரிஜிஸ்டர் இருக்குதில்லீங். நான் கூட்ஸ் ஷெட்டுக்குப் போறப்ப வாச்மேன் எழுதினாருங். அப்ப ஜி.எம் காரு வரவேயில்லீங்க்கா. அதுக்கப்புறந்தான் வந்திருக்கோணும். அவரும் அதே பொஸ்தகத்துலதானுங் ஏறியிருப்பாரு. அவரே வந்து சேராதப்ப அவரு சொல்ற லிஸ்ட்ட நான் எப்படீங் அச்சுக்கு அனுப்புவேன்?" கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துப் பையில் வைத்தார். "அன்னிக்கே ஒரு எட்டு வந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நீங்க பொட்டியத்தானுங்க்கா கேட்டீங்."

யாரோ பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கேட் என் அறை ஜன்னலிலிருந்து ஐம்பது அடி. ரெண்டு தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். அந்தக் கேட்வரை நடக்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்து நானில்லை என்று சொல்கிறார். நான் திரும்பி ஒரு தாளைப் பார்த்து இவர்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குப் போகாதீர்கள், இரண்டு நாள் பொறுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை காலையில் வாச்மேனிடமிருந்து ரிஜிஸ்டரை வாங்கினேன். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. டெஸ்பாட்ச் கிளார்க் வெளியே போனது பதினொன்று இருபது. ஜி.எம். கார் உள்ளே வந்தது பன்னிரண்டு ஐந்து. டெஸ்பாட்ச் கிளார்க் உள்ளே வந்தது மூன்று பத்து. ரிஜிஸ்டரைப் பர்சனல் மேனேஜர் மேஜையில் விரித்துவைத்து, "இது நான் வரவைச்சது இல்ல சார், வாச்மேன் கையெழுத்து" என்றேன். அவர் மூன்று தடவை படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஜி.எம். அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்டெனோ அம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். நியாயம்தான், வாங்கி வைத்துக்கொண்டேன். ஸ்டெனோ அம்மாள் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. பட்டியலில் இருந்தவர்களில் சிலரை யூனியன் போராடிக் காப்பாற்றியது, சிலர் போய்விட்டார்கள். டெஸ்பாட்ச் கிளார்க் இரண்டு வாரத்தில் தன் மேஜைக்குத் திரும்பினார். நிரந்தரமாக்கும் ஆர்டர் ஒரு மாதம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. மனைவியும் மகளும் மேட்டகள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வாரம் ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

பிரிண்டர் வரிசையில் டெஸ்பாட்ச் என்ற பெயர் வராததை நான் கவனிக்கவே சில நாள் ஆனது. அவர் திரும்பி வந்த நாளிலிருந்து பதிவைத் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. எல்லாக் கடிதத்தையும் கையாலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் காலை, இப்போது பிரதி எடுத்து வைக்கும்படி செய்துவிட்டேன், இனிமேல் அந்த மாதிரி நடக்கவே நடக்காது, தைரியமாக அனுப்புங்கள் என்று சொல்வதற்காக அவர் மேஜைக்குப் போனேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் என் நடைச் சத்தம் கேட்டதும் தாளைக் குப்புறத் திருப்பி, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங் மேடம். சொல்லுங்" என்றார்.

அது லாரிக்காரருக்கு வாரா வாரம் போகும் கடிதம். வாசலிலிருந்து வரும்போதே நான் பார்த்துவிட்டேன்.